மடக்குக் கத்தி யார் விரலை வெட்டும்?

ஒரு சனிக்கிழமை இரவு, பதினொரு மணிக்கு மேல், வலது கையில் துண்டைச் சுற்றிக்கொண்டு ஒரு பையன் எங்கள் மருத்துவமனைக்கு வந்தான். உணவு டெலிவரி வேலை, வயது 22. துண்டு முழுக்க ரத்தம். "யாருப்பா வெட்டினது?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் தரையைப் பார்த்துவிட்டு, "நானேதான் சார்" என்றான்.

இரவில் தனியாக வண்டி ஓட்டுகிறோமே என்று ஆன்லைனில் 300 ரூபாய்க்கு ஒரு மடக்குக் கத்தி வாங்கி பேன்ட் பாக்கெட்டில் வைத்திருந்திருக்கிறான். கறுப்புப் பூச்சு, முதுகில் ரம்பப் பல், பார்த்தால் ராணுவத்தில் கொடுத்தது போலிருக்கும். அன்று இரண்டு பேர் போனைப் பிடுங்க வந்ததும் கத்தியை விரித்துக் குத்தப் போயிருக்கிறான். அவர்கள் விலகிவிட்டார்கள். கத்தி முனை வண்டி ஹேண்டிலில் போய் இடித்தது, அலகு மடங்கி அவன் விரல்கள்மேலேயே மூடிக்கொண்டது. போனும் போயிற்று. ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் விரலை மடக்குகிற தசைநாண்களும் (தசையை எலும்போடு இணைக்கிற கயிறு போன்ற நார்கள்) போயின.

கை அறுவை சிகிச்சை செய்கிறவன் என்பதால் சிலர் என்னிடம் வந்து, "பாதுகாப்புக்கு ஒரு கத்தி வாங்கலாம்னு இருக்கேன், எது நல்லது டாக்டர்?" என்று கேட்பதுண்டு. கல்லூரி போகும் மகளின் சாவிக்கொத்தில் மாட்ட ஒரு சின்னக் கத்தி தேடிய அம்மாவும் கேட்டிருக்கிறார். எல்லோருக்கும் ஒரே பதில்தான்: பழம் நறுக்க, பார்சல் பிரிக்க, கயிறு அறுக்க என்றால் வாங்குங்கள். ஆளைக் குத்த என்றால் எந்தக் கத்தியும் வேண்டாம்.

இது புத்திமதி இல்லை, கத்தியின் அமைப்பு அப்படி. நம் ஊரில் பேனாக்கத்தி என்று விற்கிற பெரும்பாலானவற்றில் பூட்டே கிடையாது. உள்ளே இருக்கும் ஒரு பட்டை ஸ்பிரிங் அலகை அழுத்திப் பிடித்திருக்கும், அவ்வளவுதான். இதை ஸ்லிப்ஜாயின்ட் என்பார்கள். கூர்ப்பக்கம் விசை விழுந்தால் அலகு விரிந்தே நிற்கும். முதுகுப் பக்கம் விசை விழுந்தால் மடங்கிவிடும். வாழைப்பழம் நறுக்கும்போது விசை எந்தப் பக்கம் என்பது நம் கையில் இருக்கிறது. சண்டையில் அப்படி இருப்பதில்லை.

பூட்டு உள்ள கத்திகளில் முக்கியமாக இரண்டு வகை. லைனர் லாக்கில் பிடிக்குள் இருக்கும் மெல்லிய தகடு அலகின் அடியில் வந்து முட்டுக் கொடுக்கும். பேக் லாக்கில் பிடியின் முதுகில் உள்ள நெம்புகோல் அலகின் பள்ளத்தில் விழுந்து கவ்வும். ஒழுங்காகச் செய்த கத்தியில் இரண்டுமே நல்லவை. மலிவான கத்தியில் அந்தத் தகடு அலகின் ஓரத்தை மட்டும் தொட்டுக்கொண்டிருக்கும், ஒரு அதிர்ச்சிக்கே நழுவும். அந்தப் பையன் கத்தியில் 'லாக்' என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது.

சரி, பூட்டு உறுதியாகவே இருக்கட்டும். வியர்த்த கையில், ரத்தம் பட்ட கையில் பிடி வழுக்கும். முனை எலும்பிலோ பெல்ட்டிலோ இடித்து நின்றுவிட்டால் கை மட்டும் முன்னே சறுக்கி அலகின்மேல் போகும். கத்திக்குத்து வழக்குகளில் குத்தியவன் உள்ளங்கையையும் தடயவியல் மருத்துவர்கள் பார்ப்பது இதனால்தான். இதற்கு முன்னால் அதை விரிக்க வேண்டுமே! நகத்தால் இழுத்து விரிக்கிற கத்திக்கு இரண்டு கையும் வேண்டும். பயத்தில் சாவியைப் பூட்டுக்குள் நுழைக்கவே கை நடுங்கும்.

விரலில் வெட்டுப் பட்டு வருகிறவர்கள் எல்லாவற்றையும் 'நரம்பு' என்றே சொல்வார்கள். ரத்தக்குழாய், உணர்ச்சி நரம்பு, தசைநாண் மூன்றும் வேறு வேறு. விரலின் இரு ஓரங்களிலும் உணர்ச்சி நரம்பு ஓடுகிறது. அறுந்ததைத் தைத்தாலும் அது நாளுக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர்தான் வளரும். நான்கு விரல்களில் ஒவ்வொன்றையும் மடக்க இரண்டு தசைநாண்கள் ஒரே குறுகிய குழாய்க்குள் ஓடுகின்றன. உள்ளங்கையின் மேல் ரேகையிலிருந்து விரலின் நடுப்பகுதி வரை உள்ள அந்த இடத்தை இரண்டாம் மண்டலம் என்கிறோம். அங்கே தைத்தால் தசைநாண் குழாயோடு ஒட்டிக்கொள்ளும், பிறகு விரல் மடங்காது என்று அந்தக் கால மருத்துவர்கள் தொடவே தயங்கினார்கள். இன்று தைக்கிறோம். ஆனால் தையல் முடிந்த பிறகுதான் வேலையே தொடங்குகிறது: ஏறக்குறைய 6 வாரம் ஸ்பிளின்ட் (கையைத் தாங்கிப் பிடிக்கும் கட்டு), தினமும் பயிற்சி, மூன்று மாதம் வரை கனமாக எதையும் தூக்கக் கூடாது. பைக் ஓட்டிப் பிழைக்கிறவனுக்கு இது என்ன என்று சொல்ல வேண்டியதில்லை.

நான் வக்கீல் இல்லை. ஆனாலும் இதைத் தெரிந்துகொள்ளுங்கள். அலகு 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்திகள், வீட்டுக்கும் விவசாயத்துக்கும் தொழிலுக்கும் செய்தவை தவிர, ஆயுதச் சட்ட விதிகளின் பட்டியலில் வருகின்றன. சின்னக் கத்தி என்றால் கவலையில்லை என்று நினைத்துவிடாதீர்கள். டெல்லியில் பட்டன் கத்திக்கு (பட்டனை அழுத்தினால் அலகு விரிவது) 1980 அறிவிக்கையே இருக்கிறது, அதில் கட்டுப்பாடு 7.62 சென்டிமீட்டர் அலகிலிருந்தே தொடங்குகிறது. லண்டனில் இருக்கும் உறவினருக்கு வாங்கிப் போகிறவர்களும் கவனியுங்கள்: அங்கே காரணம் சொல்லாமல் பொது இடத்தில் வைத்திருக்கலாம் என்றால் அது பூட்டில்லாத, அலகின் கூர்ப்பக்கம் 3 அங்குலத்துக்கு மிகாத மடக்குக் கத்தி மட்டும்தான். தற்காப்பு உரிமை நம் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவிலும் உண்டு, ஆனால் தேவைக்கு மேல் காயப்படுத்தக் கூடாது. ஆயுதத்தால் கொடுங்காயம் என்று 118வது பிரிவில் வழக்கானால் ஆயுள் தண்டனை வரை போகலாம். போனுக்காக!

ஓடுங்கள், கத்துங்கள், போனைக் கொடுத்துவிடுங்கள், பிறகு 112க்கு அடியுங்கள். பெண்களுக்கு 181 உண்டு. அந்த அம்மாவிடம் சாவிக்கொத்தில் விசில் மாட்டச் சொன்னேன். அவருக்கு அது அவ்வளவாகப் பிடிக்கவில்லை.

இனி வேலைக்கு வாங்குகிறவர்களுக்கு. 6 முதல் 8 சென்டிமீட்டர் அலகு போதும். பிடி உங்கள் உள்ளங்கைக்கு நிறைவாக இருக்கட்டும், பிடியும் அலகும் சேருமிடத்தில் விரல் முன்னே போகாமல் ஒரு மேடு இருந்தால் நல்லது. விரித்து, அலகைப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள், லொடலொடத்தால் வேண்டாம். பூட்டு இருந்தால், விரல்களை அலகு மூடும் வழியிலிருந்து விலக்கிக்கொண்டு, முதுகை மரப்பலகையில் மெல்லத் தட்டிப் பாருங்கள். கடலோர ஊர்க்காரர்கள் ஸ்டெயின்லெஸ் வாங்குவது நல்லது, கார்பன் ஸ்டீல் உப்புக்காற்றில் சீக்கிரம் துருப்பிடிக்கும், மாங்காய் வெட்டினால் கறுக்கும். அப்புறம், மழுங்க விடாதீர்கள். மழுங்கிய கத்தியை அழுத்துகிறவர்கள்தான் என்னிடம் அதிகம் வருகிறார்கள். நுங்கை உள்ளங்கையில் வைத்து முனையால் குத்துகிறவர்களும்.

வெட்டிக்கொண்டால் காபித்தூளும் மஞ்சளும் வேண்டாம், கழுவி எடுப்பதற்குள் எங்களுக்குப் பாதி இரவு போய்விடும். சுத்தமான துணியால் 10 நிமிடம் எடுத்துப் பார்க்காமல் அழுத்தி, கையை உயர்த்திப் பிடியுங்கள். ரத்தம் நின்றபின் ஒவ்வொரு விரல் நுனியையும் மடக்கிப் பாருங்கள், தொட்டால் தெரிகிறதா என்றும் பாருங்கள். ஒன்றில் குறை இருந்தாலும் தோலை மட்டும் தைத்து அனுப்பும் இடத்தில் நின்றுவிடாமல் கை அறுவை மருத்துவரிடம் போங்கள். சென்னையில் ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் இதற்கென்றே துறை இருக்கிறது.

அந்தப் பையன் மூன்று மாதம் கழித்து வந்தான். ஆள்காட்டி விரல் முழுக்க மடங்குகிறது, நடுவிரல் இன்னும் உள்ளங்கையைத் தொடவில்லை. கத்தியை என்ன செய்தாய் என்று கேட்டேன். "அம்மா எடுத்துக்கிட்டாங்க சார். பால் பாக்கெட் வெட்டுறாங்க" என்றான்.