பொறாமையும் பொய்யும் உள்ளுக்குள்ள எப்படி வேலை செய்யுது

பொய் சொல்றவனுக்கு தான் சொல்றது பொய்னு தெரியும், பொறாமைப்படுறவனுக்கு தனக்கு இருக்கறது பொறாமைதான்னு தெரியும்னு நாம ஈஸியா சொல்லிடுறோம். ஆனா நிறைய நேரம் அவங்களுக்கே தெரியறதில்ல, அது ஏன்னு புரிஞ்சா மனுசங்கமேல வர்ற கோவம் கொஞ்சம் குறையும்னு நான் நம்புறேன்.

1992ல பீட்டர் டிட்டோ, டேவிட் லோபஸ்னு ரெண்டு உளவியல் ஆய்வாளர்கள் அமெரிக்காவுல காலேஜ் பசங்கள வச்சு ஒரு சோதனை பண்ணாங்க. உங்க உடம்புல ஒரு என்சைம் இருக்கான்னு பாக்கப்போறோம், அது இல்லன்னா பின்னாடி கணையத்துல கோளாறு வரலாம், இந்த பேப்பர எச்சில்ல நனைச்சு கலர் மாறுதான்னு பாருங்கன்னு சொன்னாங்க. சிலர்கிட்ட கலர் மாறலன்னா நீங்க நல்லா இருக்கீங்கன்னு சொல்லியிருந்தாங்க, மத்தவங்ககிட்ட கலர் மாறலன்னா உங்களுக்கு குறைபாடு இருக்குன்னு. உண்மையில அது வெறும் மஞ்சள் பேப்பர், என்ன பண்ணாலும் கலர் மாறாது.

நல்ல செய்தி வந்தவங்க சீக்கிரம் பாத்து முடிச்சுட்டாங்க. கெட்ட செய்தி வந்தவங்க அதிக நேரம் காத்திருந்தாங்க, திரும்பத் திரும்ப முக்கிப் பாத்தாங்க, உதறினாங்க, ஊதினாங்க, நேரா நாக்குலயே வச்சுப் பாத்தவங்களும் உண்டு. இதுல யாரும் தனக்குத்தானே ஒரு பொய்ய உக்காந்து தயாரிக்கல, விசாரணைய எந்த இடத்துல நிறுத்தணும்ங்கறதுதான் மாறிப்போச்சு, புடிச்ச பதில் வந்தா போதும்னு எந்திரிச்சிடுறோம், புடிக்காத பதில் வந்தா இன்னொரு தடவ பாத்துடுவோமேன்னு உக்காந்துடுறோம். ஒவ்வொரு தடவ பாக்கறதும் நியாயமான காரியமாத்தான் தெரியும், அதனாலதான் உள்ள இருந்து இத கண்டுபிடிக்கறது இவ்ளோ கஷ்டம்.

இப்ப பொறாமைக்கு வருவோம். கூட வேலை செய்யற ஃபிரெண்டுக்கு ப்ரமோஷன்னு மெசேஜ் வருது, கை வாழ்த்துக்கள்னு டைப் பண்ணுது, அதே நேரத்துல மனசு அவனுக்கு மேல ஆள் இருக்கு, மேனேஜர் கூட நல்லா பழகுவான், நேரம் நல்லாருக்குன்னு ஒண்ணொண்ணா எடுத்துப் போடுது. இதுவும் அந்த மஞ்சள் பேப்பர் கதைதான், அவனுக்கு எப்படி கிடைச்சதுன்னு பத்து தடவ விசாரிக்கற மனசு நமக்கு கிடைச்சப்ப ஒரு தடவ கூட கேட்டிருக்காது.

யார் மேல பொறாமை வருதுங்கறதுலதான் விசயமே இருக்கு. ஆப்ரஹாம் டெஸரும் ஜொனாதன் ஸ்மித்தும் 1980ல ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. க்ளூ வச்சு வார்த்தைய கண்டுபிடிக்கற விளையாட்டு, ஈஸியான க்ளூவும் இருக்கும் கஷ்டமான க்ளூவும் இருக்கும், முதல்ல ஆடினவங்க சரியா பண்ணலன்னு ஆனதுக்கு அப்புறம் அவங்க மத்தவங்களுக்கு க்ளூ குடுக்கணும், அதுல ஒருத்தர் கூட வந்த ஃபிரெண்ட், இன்னொருத்தர் முன்ன பின்ன தெரியாத ஆள். இது சும்மா ஒரு கேம்னு சொன்னப்ப ஃபிரெண்டுக்குத்தான் ஈஸி க்ளூ போச்சு. இது உங்க முக்கியமான திறமைய அளக்கற டெஸ்ட்னு சொன்னப்ப அப்படியே மாறிடுச்சு, தெரியாத ஆளுக்கு குடுத்தத விட சொந்த ஃபிரெண்டுக்கு கஷ்டமான க்ளூ குடுத்தாங்க.

இது படிக்கவே மனசுக்கு கஷ்டமா இருக்கும், ஆனா கணக்கு தெளிவா இருக்கு. எந்த விசயத்துல நம்ம மதிப்பு மொத்தத்தையும் வச்சிருக்கமோ, அதே விசயத்துல நமக்கு ரொம்ப பக்கத்துல இருக்கறவங்க நம்மள தாண்டுறப்பதான் வலிக்குது. வலின்னு சும்மா சொல்லல, 2009ல ஜப்பான்ல ஹிதேஹிகோ தகஹாஷி குழு மூளைய ஸ்கேன் பண்ணி பாத்தப்ப, நம்மள மாதிரியே இருந்து நம்மள விட ஒசத்தியா இருக்கறவங்கள பத்தி படிக்கறப்ப, வலியோட சம்பந்தப்பட்ட ஒரு பகுதி அதிகமா வேலை செஞ்சுது. அதே ஆளுக்கு ஒரு கஷ்டம் வந்துச்சுன்னு படிக்கறப்ப பரிசு கிடைச்சா வேலை செய்யற பகுதி முழிச்சுக்கிச்சு, யாருக்கு முதல்ல வலி அதிகமோ அவங்களுக்கு இந்த சந்தோசமும் அதிகம்.

பொய்யும் இங்கிருந்துதான் கிளம்புது. நான் போதாதுன்னு பயம் இருக்கறவங்க அந்த இடைவெளிய நிரப்ப கொஞ்சம் கூட்டிச் சொல்லுவாங்க, முதல் தடவ உள்ள உறுத்தும். லண்டன்ல யூனிவர்சிட்டி காலேஜ்ல டாலி ஷாரோட் குழு 2016ல வெளியிட்ட ஆய்வுல, ஒரு ஜாடியில எவ்ளோ காசு இருக்குன்னு பார்ட்னர்கிட்ட சொல்லணும், தப்பா சொன்னா தனக்கு லாபம். போகப்போக பொய்யோட அளவு கூடிக்கிட்டே போச்சு, உணர்ச்சிகளோட சம்பந்தப்பட்ட அமிக்டலாங்கற பகுதி காட்டின எதிர்வினை குறைஞ்சுக்கிட்டே வந்துச்சு, எவ்ளோ குறைஞ்சுதோ அதுக்கு ஏத்த மாதிரி அடுத்த பொய் பெருசாச்சு. மனசாட்சி இல்லாதவங்கன்னு நாம சொல்ற ஆளுங்கள்ல பல பேருக்கு இந்த உறுத்தல் ஒரு காலத்துல இருந்திருக்கும், தேஞ்சு போயிருக்கும்.

அப்ப பொறாமைப்படாதேன்னு சொன்னா சரியாகுமா? ஆகாதுன்னுதான் நினைக்கிறேன், ஏன்னா பிரச்சனையே அந்த எதிர் ஆள் கிடையாது, நம்ம மதிப்பு மொத்தமும் ஒரே விசயத்துல மாட்டிக்கிட்டு இருக்கறதுதான். டெஸர் 1991ல டேவிட் கார்னெல் கூட சேர்ந்து இதையும் சோதிச்சுப் பாத்தாரு. விளையாட்டுக்கு முன்னாடி சிலருக்கு அவங்க உண்மையா மதிக்கற வேற ஒரு விசயத்த மனசுக்கு கொண்டுவர வாய்ப்பு குடுத்தாங்க, அந்த விளையாட்டுக்கும் அதுக்கும் எந்த சம்பந்தமும் இல்ல. அவங்ககிட்ட ஃபிரெண்ட கீழ தள்ளிப் பாக்கற அந்த வழக்கமான போக்கு காணாம போயிருந்துச்சு.