ஃபோர்ட்: மதிலே இல்லாத கோட்டை

'ஃபோர்ட்' பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த சொல். மூலம் இலத்தீனில் 'ஃபோர்டிஸ்', அதாவது வலிமையுள்ள. மதில் என்ற கருத்து அந்த வேரில் கிடையாது. நம் கோட்டையோ மதிலோடு பிறந்தது. வளைவைக் குறிக்கும் 'கோடு' என்பதோடு அதை இணைத்துச் சொல்வார்கள். அரணுக்கு உயரம், அகலம், திண்மை, அருமை நான்கும் வேண்டும் என்கிறது குறள். செயின்ட் ஜார்ஜ் ஃபோர்ட்டைக் கோட்டை என்றால் சரி. அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்திலுள்ள ஃபோர்ட் லாரமியைக் கோட்டை என்றால், போகிறவர் மதிலைத் தேடி ஏமாறுவார்.

அங்கும் ஒரு காலத்தில் கோட்டை இருந்தது. 1834இல் மென்மயிர்த் தோல் வணிகர்கள் மரக்கட்டைகளை நட்டு மதில் கட்டினார்கள். அது உளுத்துப்போக, 1841இல் சுடாத செங்கல்லில் வேறொன்று எழுந்தது. 1849இல் ராணுவம் அதை 4,000 டாலருக்கு வாங்கியது. அதன்பின் கட்டியதெல்லாம் அணிவகுப்புத் திடலைச் சுற்றி வரிசையாக நிற்கும் தனித்தனிக் கட்டடங்கள்தான். வீரர்களுக்குப் பயணப் பாதைகளைக் காப்பதே முக்கிய வேலை. முற்றுகையைத் தாங்கும் மதில் அதற்குத் தேவைப்படவில்லை.

'ஃபிரண்டியர் ஃபோர்ட்' என்பதை 'எல்லைக் கோட்டை' என்று பெயர்ப்பது இரட்டைப் பிழை. அமெரிக்க வழக்கில் 'ஃபிரண்டியர்' நாட்டின் எல்லை அல்ல, வெள்ளையர் குடியேற்றம் எட்டியிருந்த விளிம்பு. அதற்கு அப்பாலும் வெற்று நிலம் இல்லை. லகோட்டா, செயென், அரபஹோ என்ற பூர்வகுடி மக்களின் நாடு. 'பாசறை' அழகான சொல், ஆனால் போர்க்காலத் தற்காலிகத் தங்கல். இதுவோ 1890 வரை 41 ஆண்டு நிலைத்தது. 'படைத்தளம்' என்பதே பொருந்தும். 1849க்கு முந்தையவற்றை மட்டும் கோட்டை எனலாம். பெயரில் 'ஃபோர்ட்' அப்படியே இருக்கட்டும்.

போனால் முதலில் பார்க்க வேண்டியது 'ஓல்ட் பெட்லாம்'. 1849இல் கட்டிய இந்த அதிகாரிகள் விடுதிதான் வயோமிங்கில் இன்றும் நிற்கும் கட்டடங்களில் மிகப் பழையது. 1874இன் குதிரைப்படைப் பாரக்ஸில் (படைவீரர் விடுதி) மேல்மாடி முழுக்கப் படுக்கைக் கூடம். சமையல், சாப்பாடு எல்லாம் கீழே. படைத்தளக் கடையின் பழைய பகுதி இன்னும் சுடாத செங்கல்.

மேட்டிலுள்ள மருத்துவமனை இடிபாட்டை அவசரமில்லாமல் பாருங்கள். சுண்ணாம்புக் கலவையை அச்சில் ஊற்றி எழுப்பிய சுவர்கள் அவை. 1890இல் ராணுவம் வெளியேறியதும் கட்டடங்கள் ஏலம் போயின. வாங்கியவர்கள் பலர் மரத்துக்காகவே பிரித்தார்கள். கூரை போன சுவரில் தண்ணீர் மேலிருந்து இறங்கும். குளிரில் அது உறைந்து விரிய, சுவர் செதில் செதிலாக உதிரும். அதனால் சாய்வதோ ஏறுவதோ கூடாது.

வரைபடத்தில் வெறும் 'லாரமி' என்று தேடாதீர்கள். அது சாலை வழியே 150 கிலோமீட்டருக்கும் அப்பாலுள்ள வேறு நகரம். ஃபோர்ட் லாரமி என்ற சிற்றூரிலிருந்து தென்மேற்கே சுமார் 5 கிலோமீட்டரில் இருக்கிறது படைத்தளம்.