விடிந்தும் விடாத அசதி

"ராத்திரி பூரா படுத்துத்தான் கெடந்தேன் டொக்டர். காலையில எந்திரிச்சா உலக்கையால இடிச்சுப் போட்ட மாதிரி இருக்கு."

இலங்கையின் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் கொழுந்தெடுக்கும் ஓர் அக்கா சொன்னது இது. இரண்டு வருடமாகக் கழுத்து, தோள், இடுப்பு, கால் என்று உடம்பெல்லாம் வலி. பொலித்தீன் பை நிறைய ரிப்போர்ட்கள், அத்தனையும் நோர்மல். அதனால் வீட்டிலும் மலையிலும் அவருக்குக் கிடைத்த பெயர் சோம்பேறி. பல நாள் அரைப்பேர்தான், அதாவது அரை நாள் சம்பளம்தான். அவருக்கு இருந்தது ஃபைப்ரோமயால்ஜியா. இரத்தப் பரிசோதனையிலும் எக்ஸ்ரேயிலும் பிடிபடாத, ஆனால் உண்மையான நோய்.

வலி இருந்தால் தூக்கம் வராது, அது எல்லோருக்கும் தெரியும். தூக்கம் கெட்டாலே வலி வரும் என்பதுதான் பலருக்குத் தெரியாது. 1975இல் கனடாவின் டொரொண்டோவில் ஹார்வி மொல்டொஃப்ஸ்கி குழுவினர், ஆரோக்கியமானவர்கள் ஆழ்ந்து தூங்கும் நேரம் பார்த்துச் சத்தம் எழுப்பிக் குழப்பினார்கள். சில இரவுகளிலேயே அவர்களுக்குத் தசை வலியும் அசதியும் வந்தன. நிம்மதியாகத் தூங்கவிட்டதும் சரியாகின. அந்த அக்கா படுத்துக் கிடந்தும் பயனில்லாமல் போனது இப்படித்தான்.

ஆரம்ப காலத்தில் நானும் இப்படி வருபவர்களுக்குத் தூக்க மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறேன். அது தவறு. டயசிபாம் போன்றவை கண்ணை மூட வைக்கும், ஆனால் ஆழ்ந்த தூக்கத்தைக் குறைக்கும், பழக்கமாகியும் விடும். மறுநாள் கிறக்கத்தோடு, ஈரச் சரிவில், கூடையோடு நிற்பவர்கள் இவர்கள்.

இப்போது முதலில் இரண்டு கேள்வி கேட்கிறேன். குறட்டை விட்டு இடையில் மூச்சு நிற்கிறதா? இதை வீட்டுக்காரரிடம் கேட்க வேண்டும். படுத்ததும் காலுக்குள் எறும்பு ஊர்வது போல இருந்து, காலை ஆட்டினால் சுகமாகிறதா? அக்காவுக்கு இரண்டாவது இருந்தது. பார்த்தால் உடம்பில் இரும்புச் சத்துக் கையிருப்பு மிகக் குறைவு. இரும்பு மாத்திரை கொடுத்தேன். சாப்பிட்ட கையோடு பிளேன்டீ குடிப்பதையும் நிறுத்தச் சொன்னேன். தேயிலைச் சாயம் இரும்பு உடம்பில் சேர்வதைத் தடுக்கும், ஒரு மணித்தியாலமாவது தள்ளிக் குடிக்க வேண்டும். பின்னேரம் நான்கு மணிக்குப் பிறகு தேயிலையே வேண்டாம் என்றதற்குத்தான் பெரிய எதிர்ப்பு!

அப்புறம் தூக்கத்தை ஒழுங்குபடுத்தும் நடத்தைச் சிகிச்சை. நாள்பட்ட தூக்கமின்மைக்கு மாத்திரைக்கு முன் செய்ய வேண்டியது இதுதான். தூக்கம் வராவிட்டால் வேறு அறைக்குப் போங்கள் என்று புத்தகத்தில் இருக்கும். லயத்துக் காம்பராவில், அதாவது தோட்டக் குடியிருப்பின் ஒற்றை அறையில், வேறு அறைக்கு எங்கே போவது? அதனால் பாயைச் சுருட்டிவிட்டு, கம்பளியைப் போர்த்திக்கொண்டு அடுப்படியில் உட்காரச் சொன்னேன். தூக்கம் கண்ணைச் சுழற்றும்போது விரித்தால் போதும். பகலில் பாய் விரிப்பதே இல்லை. எட்டு மணிக்கே படுத்து நாலரைக்கு எழும்பும் அக்கா உண்மையில் தூங்கியது ஐந்தரை மணித்தியாலம்தான். ஆகவே பாயில் கிடக்கும் நேரத்தையும் அந்த அளவுக்கே சுருக்கினேன்: இரவு 11க்குப் படுக்கை, நாலரைக்கு எழும்புதல். அதுவரை, ஓ.எல். (சாதாரண தரப் பரீட்சை) படிக்கும் மகளோடு விழித்திருந்தார். பாயில் கிடக்கும் நேரத்தில் 85 சதவீதத்துக்கு மேல் தூங்கினால் 15 நிமிடம் முன்னால் படுக்கலாம். முதல் இரண்டு வாரம் அசதி கூடும், சரிவில் கவனம் வேண்டும். வலிப்பு நோயோ தீவிர மனநிலை ஏற்ற இறக்கமோ உள்ளவர்கள் இதைத் தாங்களாகவே செய்யக்கூடாது.

இரும்பு சீரானபின் இரவில் 10 மில்லிகிராம் அமிட்ரிப்டிலின் சேர்த்தேன். மனநோய்க்குக் கொடுக்கும் மாத்திரை என்று யாரோ பயமுறுத்தியிருந்தார்கள். இந்தச் சிறிய அளவு வலிக்கும் தூக்கத்துக்கும்தான். வாய் உலரும், மலச்சிக்கல் வரலாம். கால் குடைச்சலைக் கூட்டவும் கூடும் என்பதால்தான் இரும்பை முதலில் பார்த்தது.

உடற்பயிற்சியும் முக்கியம். "மலை ஏறி எறங்குறது பத்தாதா?" என்று கேட்டார். சுமையோடு குனிந்து நிற்பது உழைப்பு, அது உடற்பயிற்சி ஆகாது. வெறுங்கையோடு பத்து நிமிட நடையில் தொடங்கி, மெதுவாகக் கூட்ட வேண்டும்.

மூன்று மாதமாகிறது. வலி இன்னும் இருக்கிறது, பாதியளவு என்கிறார். போன கிளினிக்கில், இனி 10.15க்குப் பாய் விரிக்கலாம் என்று அவருடைய கொப்பியில் எழுதிக் கொடுத்தேன்.