‘கிங்’ என்பதன் வேர் ‘கோன்’ அல்ல

ஆங்கிலக் ‘கிங்’ நம் ‘கோன்’ என்பதிலிருந்து பிறந்தது என்று சமூக ஊடகங்களில் அவ்வப்போது ஒரு பதிவு சுற்றுகிறது. பகிர்வதற்கு முன் இரண்டையும் பகுதி, விகுதியாகப் பிரித்துப் பாருங்கள். கோன் = கோ + ன்; னகரம் ஆண்பால் விகுதி. பழைய ஆங்கில வடிவமான ‘க்யுனிங்’கில் பகுதி ‘க்யுன்’, விகுதி ‘இங்’. அங்கே னகரம் பகுதியோடு ஒட்டியது. பொருத்தம் இந்த இடத்திலேயே உடைந்துவிடுகிறது.

இன்றைய வடிவங்களை நேருக்கு நேர் வைத்து ஒப்பிடுவதால் வரும் பிழை இது. கிடைப்பவற்றுள் மிகப் பழைய வடிவங்களைத்தான் முதலில் திரட்ட வேண்டும். பழைய உயர் ஜெர்மனில் ‘குனிங்’, ஸ்காண்டிநேவியாவின் பண்டைய மொழியான பழைய நோர்ஸில் ‘கோனுங்ர்’. இவற்றை ஒப்பிட்டு, இம்மொழிகளின் பொதுத் தாயான மூல ஜெர்மானியத்துக்கு மீட்ட சொல் *குனிங்கஸ். முன்னுள்ள உடுக்குறி (*), இது எழுத்தில் கிடைத்ததன்று, கணித்தது என்பதற்கு அடையாளம். அதை விட்டுவிட்டு மேற்கோள் காட்டாதீர்கள்.

கணிப்புக்கு அருமையான சான்று ஃபின்னிஷ் மொழியில் இருக்கிறது. அது ஆங்கிலமும் ஜெர்மனும் சேர்ந்த இந்தோ-ஐரோப்பியக் குடும்பமே அல்ல. ஆனாலும் பண்டு கடன் வாங்கிய ‘குனிங்கஸ்’ இன்றும் அங்கே அரசனைக் குறிக்கிறது. ஆங்கிலமும் ஜெர்மனும் தேய்த்துவிட்ட ஈற்று ‘அஸ்’ அதில் அப்படியே நிற்கிறது. ரஷ்ய ‘க்னியாஸ்’ (இளவரசன்), லிதுவேனிய ‘குனிகஸ்’ (பாதிரியார்) ஆகியவையும் கடன் வழி வந்தவையே. இவற்றை வழித்தோன்றல் பட்டியலில் சேர்த்தால் கணக்கு குழம்பும்.

‘க்யுன்’ என்ற பகுதியின் பொருள் ‘குலம்’. குலத்தில் வந்தவன் அரசன் என்பதே பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம். 1822இல் ஜெர்மன் மொழியறிஞர் யாக்கோப் கிரிம் விளக்கிய ஒலிமாற்ற விதிப்படி, ‘அங்கம்’ என்பதில் நாம் ஒலிக்கும் ககரம் ஜெர்மானியத்தில் ‘கல்’ என்பதன் ககரமாக மாறும். தமிழ் எழுத்தில் இரண்டும் ஒன்றே என்பதால் நம் கண்ணுக்கு இது எளிதில் தப்பும். லத்தீன் ‘கெனுஸ்’ (இனம்) மென்மையாகத் தொடங்க, ஆங்கில ‘கின்’ வன்மையாகத் தொடங்குகிறது. லத்தீன் ‘கிரானும்’ (தானியம்), ஆங்கில ‘கார்ன்’; லத்தீன் ‘கெனு’ (முழங்கால்), ஜெர்மன் ‘க்னீ’: இவற்றிலும் அதே மாற்றம். சமஸ்கிருத ‘ஜன’ இதே வேரினது. ஆகவே ‘கிங்’குக்குத் தமிழில் தூரத்துச் சொந்தம் உண்டென்றால், அது வடமொழி வழி வந்த ‘ஜனம்’.

கோன்–கிங் உறவை நிறுவ நினைப்பவர், தமிழ் ஓகாரத்துக்கு ஜெர்மானிய உகரம் இப்படி ஒழுங்காக வரும் வேறு இணைகளையும் காட்ட வேண்டும்.