ஒரு பை நிறைய ஆன்டிஆக்சிடன்ட்

இந்த மாதத்தில் இது மூன்றாவது பை. மருந்தகக் கவுன்ட்டரில் அந்தப் பெண் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். வைட்டமின் இ 400 யூனிட், வைட்டமின் சி 1,000 மில்லிகிராம், குளுட்டாதயோன், திராட்சை விதை மாத்திரை, மஞ்சள் காப்ஸ்யூல். அப்பாவுக்கு மூளையில் கட்டி. அறுவை முடிந்து, கதிர்வீச்சும் டெமோசோலோமைடு என்ற கீமோ மருந்தும் நடக்கின்றன. "மூளை செல்லெல்லாம் ரிப்பேர் ஆகும்னாங்கக்கா. ஆன்டிஆக்சிடன்ட்தானே?"

இந்தத் 'தானே'தான் என்னைப் படுத்துகிறது.

ஃப்ரீ ராடிக்கல் என்பது செல்லில் உருவாகி அக்கம்பக்கத்தைத் தாக்கும் நிலையற்ற மூலக்கூறு; அதை அடக்குவது ஆன்டிஆக்சிடன்ட். ஃப்ரீ ராடிக்கல் என்றால் குப்பை, கூட்டித் தள்ள வேண்டியது என்று விளம்பரங்கள் பழக்கிவிட்டன. அப்படியில்லை. ஃப்ரீ ராடிக்கலுக்கு நெருங்கிய உறவான ஹைட்ரஜன் பெராக்சைடை நம் செல்லே கொஞ்சம் கொஞ்சமாகத் தயாரிக்கிறது. 'வளர்', 'பிரி' என்று புரதங்களுக்குச் சொல்லி அனுப்ப அது ஒரு தூது. புது செல்களை உருவாக்கும் மூளையின் ஸ்டெம் செல்கள் பெருகுவதற்கும் இந்தத் தூது வேண்டும். கட்டி வளர்வதும் இதே தூதை வைத்துத்தான். ஆனால் அளவு மீறினால் கட்டி செல்லும் செத்துப்போகும். அதனால்தான் பல கட்டிகள் என்ஆர்எஃப்2 என்ற புரதத்தை முடுக்கிவிட்டுத் தங்களுக்கான ஆன்டிஆக்சிடன்டைத் தாங்களே கூட்டிக்கொள்கின்றன. நீங்கள் விழுங்கும் மாத்திரைக்கு நல்ல செல் எது, கட்டி எது என்று தெரியுமா?

கதிர்வீச்சு கட்டியின் டிஎன்ஏவை உடைப்பதே பெரும்பாலும் ஃப்ரீ ராடிக்கல் வழியாகத்தான். காலையில் மருத்துவமனையில் பற்றவைக்கிறோம், மதியம் வீட்டில் தண்ணீர் ஊற்றி அணைக்கப் பார்க்கிறீர்கள்.

"அதனால் கெடுதல் ஒன்றும் வராதே" என்பவர்களுக்கு: பின்லாந்தில் புகைபிடிக்கும் 29,133 ஆண்களிடம் நடந்த ஆய்வில், பீட்டா கரோட்டின் என்ற ஆன்டிஆக்சிடன்ட் எடுத்தவர்களுக்கு நுரையீரல் புற்று 18 சதவீதம் கூடியது. அது 1994. வட அமெரிக்காவில் வைட்டமின் இ 400 யூனிட் எடுத்த ஆண்களுக்கு புராஸ்டேட் புற்று 17 சதவீதம் கூடியது. 2011இல் வெளியான முடிவு. மூளைக் கட்டி ஆய்வுகள் அல்ல, சரி. ஆனால் 'தானே' அங்கேயே அடிபட்டுவிட்டது. அப்புறம், டெமோசோலோமைடு ரத்தம் உறைய உதவும் தட்டணுக்களைக் குறைக்கும்; அதிக அளவு வைட்டமின் இ ரத்தம் உறைவதைத் தடுக்கும். தலையில் அறுவை செய்தவருக்கு இந்த ஜோடி வேண்டவே வேண்டாம்.

மருந்தகத்தில் இருக்கும் எங்கள் மேலும் குற்றம் உண்டு. "வேறு மருந்து சாப்பிடுறீங்களா?" என்று கேட்கிறோம், "இல்லை" என்கிறார்கள். வைட்டமினை மருந்தாக யார் நினைக்கிறார்கள்? இங்கே சிங்கப்பூரில் இத்தகைய சத்து மாத்திரைகளை விற்பதற்குச் சுகாதார அறிவியல் ஆணையத்தின் முன் அனுமதி தேவையில்லை. கடையில் இருக்கிறது என்பதால் அப்பாவுக்கு ஒத்துக்கொள்ளும் என்று அர்த்தமில்லை.

சிகிச்சை தொடங்கும் முன்பே பையோடு வாருங்கள், டப்பாவோடு. டாக்டர் எழுதித் தந்த வைட்டமினை நீங்களாக நிறுத்தாதீர்கள். அவர் எழுதாததை நீங்களாகச் சேர்க்காதீர்கள். ரசத்து மஞ்சளை யாரும் குறை சொல்லவில்லை. தேக்கா சந்தையில் முருங்கைக்கீரை வாங்கிச் சமைத்துக் கொடுங்கள், தாராளமாக.

பட்டியல் எழுதி டாக்டருக்கு அனுப்பினேன். எல்லாவற்றையும் நிறுத்தச் சொன்னார். அந்தப் பெண் குளுட்டாதயோன் டப்பாவை மட்டும் பையில் போடாமல் கையிலேயே வைத்திருந்தார். "இது எழுபத்தெட்டு வெள்ளிக்கா," என்றார்.