டிரிப் காசை நாளால் வகுத்துப் பாருங்கள்: நெடுந்தூர லாரி ஓட்டுநருக்கான கணக்கு

நாமக்கல்லில் ஏற்றிய லோடை டெல்லியில் இறக்கி, ரிட்டர்ன் லோடு பிடித்து ஊர் திரும்பினால் டிரைவர் கைக்கு 24,000 ரூபாய் என்று பேச்சு என வைத்துக்கொள்வோம். கேட்க நல்ல தொகைதான். இப்போது நாளை எண்ணுங்கள். ஏற்ற 1 நாள். போகிற தூரம் சுமார் 2,400 கி.மீ., ஒற்றை டிரைவர் ஒழுங்காகத் தூங்கி ஓட்டினால் 6 நாள். இறக்க 1 நாள், ரிட்டர்ன் லோடுக்குக் காத்திருப்பு 3 நாள், திரும்பி வர 6 நாள், இறக்க 1 நாள். மொத்தம் 18 நாள். வழியில் சாப்பாடு, டீ, குளியல் எல்லாம் சேர்த்து நாளுக்கு 350 என்றால் 6,300 போய்விடும். மீதி 17,700. நாளுக்கு 983 ரூபாய்.

அதே டிரிப்பில் டெல்லியில் லோடு கிடைக்க 6 நாள் ஆகி, இறக்கும் இடத்தில் கேட்டுக்கு வெளியே கூடுதலாக 2 நாள் நின்றால் 23 நாள். சாப்பாட்டுச் செலவு 8,050. மீதி 15,950, அதாவது நாளுக்கு 693. ஓட்டிய தூரம் ஒன்றே, பேசிய பணமும் ஒன்றே. சும்மா நின்ற 5 நாள் நாள்கூலியில் 290 ரூபாயைத் தின்றுவிட்டது.

ஆகவே வேலைக்குச் சேரும் முன் ஓனரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி "டிரிப்புக்கு எவ்வளவு?" என்பதல்ல. "வண்டி நிற்கும் நாளுக்கு என்ன படி?" என்பதுதான்.

சம்பளம் பேசுவதில் பொதுவாக மூன்று முறைகள் நடப்பில் உள்ளன. மாதச் சம்பளத்தோடு தினப்படி கொடுப்பது ஒன்று. வாடகையில் இத்தனை சதவீதம் என்பது இன்னொன்று. மூன்றாவது, டீசல், டோல், வழிச்செலவு எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு தொகையைக் கையில் கொடுத்து, மிச்சம் பிடித்தால் டிரைவருக்கு என்று விடுவது. முதல் முறையில் வண்டி நின்றாலும் படி வரும். தொகை சிறிதாகத் தெரிந்தாலும் நாள்கணக்கில் பார்த்தால் பல நேரம் இதுவே மேல். சதவீத முறையில் வாடகை ஏறினால் உங்களுக்கும் ஏறும். ஆனால் எந்த வாடகையில் சதவீதம் என்பதை முதலிலேயே தெளிவாக்கிக்கொள்ளுங்கள். புரோக்கர் கமிஷன், ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி கழிவதற்கு முன்பா, பின்பா என்பதில்தான் செட்டில்மென்டில் சண்டை வருகிறது.

மூன்றாவது முறை ஆபத்தானது என்பது என் உறுதியான கருத்து. மிச்சம் பிடிக்க டிரைவர் கையில் இருக்கும் ஒரே பெரிய செலவு டீசல்தான். அதனால் இறக்கத்தில் நியூட்ரல் போடும் பழக்கம் வருகிறது. பெங்களூரு பக்கமிருந்து வரும் வண்டிகள் தருமபுரி தாண்டித் தொப்பூர் கணவாயில் இறங்கும்போது திரும்பத் திரும்ப விபத்தில் சிக்குவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். வடக்கே போய்த் திரும்புகிறவருக்கு அது கடைசிக் கட்டம். உடம்பு களைத்திருக்கும், சேலம் கிட்டத்தில் வந்துவிட்டது என்ற அவசரமும் சேர்ந்துகொள்ளும்.

நியூட்ரலில் டீசல் மிச்சமாகும் என்பது பழைய எஞ்சின் காலத்து நம்பிக்கை. இன்றைய காமன் ரெயில் எஞ்சினில், கியர் போட்டபடி ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் இன்ஜெக்டருக்குப் போகும் டீசலை இசிஎம் (எஞ்சினின் கம்ப்யூட்டர்) நிறுத்திவிடும். சக்கரம்தான் எஞ்சினைச் சுற்றுகிறது. நியூட்ரல் போட்டால் எஞ்சின் அணையாமல் இருக்க ஐடிலிங்கில் டீசல் எரியத்தான் வேண்டும். மிச்சம் இல்லை, செலவு. அதோடு எஞ்சின் பிரேக்கும் எக்ஸாஸ்ட் பிரேக்கும் வேலை செய்யாது. 35 டன் எடை முழுவதும் பிரேக் டிரம்மில் விழும். தொடர்ந்து மிதிக்க மிதிக்க டிரம் சூடாகி விரிந்து, லைனிங் பிடிப்பை இழக்கும். அடிக்கடி மிதித்து விட்டால் ஏர் டேங்கில் அழுத்தமும் இறங்கும். மறுபடி கியரில் போடலாம் என்று நினைக்கும்போது வேகம் கூடிவிட்டதால் கியர் விழாது. சரியான முறை பழையதுதான்: அந்த மேட்டை ஏற எந்த கியர் தேவையோ அதே கியரை இறக்கம் தொடங்கும் முன்பே போட்டு, எக்ஸாஸ்ட் பிரேக்கை ஆன் செய்து இறங்குங்கள். கால் பிரேக்கை விட்டு விட்டு, அழுத்தமாக, சில விநாடி மட்டும் மிதியுங்கள்.

பிஎஸ்6 மாசு விதிப்படி வந்த வண்டியில் புகையைச் சுத்தம் செய்ய ஊற்றும் டிஇஎஃப் திரவத்தின் செலவை மிச்சம் பிடிக்கத் தண்ணீர் கலப்பதும், ரோட்டோரத்தில் மலிவாகக் கிடைப்பதை ஊற்றுவதும் இதே வகைதான். சென்சார் கண்டுபிடித்து எஞ்சின் இழுவையைக் குறைத்துவிடும். வண்டி நடுவழியில் நின்றால் போவது உங்கள் நாள்.

ஹால்டிங் பணத்தைக் கேட்டு வாங்குவது எப்படி

சரக்கு அனுப்பும் பார்ட்டி, வண்டி காத்து நின்ற நாளுக்கான ஹால்டிங் பணத்தை ஓனருக்குக் கொடுத்தாலும் அதில் டிரைவர் பங்கு பெரும்பாலும் பேசப்படுவதே இல்லை. பேசுங்கள். பேசினால் மட்டும் போதாது, சான்றும் வேண்டும். கேட்டில் நுழைந்ததும் என்ட்ரி சீட்டைப் படம் எடுத்து அந்த நிமிடமே ஓனருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். உள்ளே விடவில்லை என்றால், வண்டி எண்ணும் கம்பெனி போர்டும் தெரிகிற மாதிரி ஒரு படம், கூடவே லொகேஷன். இறக்கி முடிந்ததும் எல்.ஆர். (லாரி ரசீது) நகலில் சீல், கையெழுத்தோடு வந்த நேரமும் விட்ட நேரமும் எழுதி வாங்குங்கள். நேரம் எழுதாத சீல் ஹால்டிங் பேச உதவாது. பெட்டி நனைந்திருந்தாலோ எண்ணிக்கை குறைந்தாலோ அந்த இடத்திலேயே படம் எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் அது மூன்று வாரம் கழித்து உங்கள் கணக்கில் பிடித்தமாக வந்து நிற்கும்.

பிடித்தம் என்றதும் ஓவர்லோடு ஞாபகம் வர வேண்டும். மோட்டார் வாகனச் சட்டம் 194-ஆம் பிரிவில் அபராதம் 20,000 ரூபாய், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000. எடை போட வண்டியை நிறுத்த மறுத்தால் 40,000. ஓட்டுகிறவரும் ஓட்டச் சொன்னவரும் இருவருமே பொறுப்பு. அபராதத்தை ஓனர் கட்டுவார் என்று வாக்குக் கொடுக்கலாம். லைசென்ஸ் 3 மாதம் முடக்கப்பட்டால் அந்த 3 மாத வருமானத்தை யாரும் கட்டப்போவதில்லை. லைசென்ஸ் அசலை ஓனரிடம் அடகு மாதிரி கொடுத்து வைக்கும் பழக்கத்தையும் விடுங்கள். டிஜிலாக்கரிலும் எம்பரிவாஹனிலும் ஏற்றி வைத்துக்கொண்டால் வழியில் காட்ட அதுவே செல்லும்.

தூக்கமும் அட்டவணையும்

1961-ஆம் ஆண்டு மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் ஒரு நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்று வரம்பு வைத்தது. நெடுந்தூர வண்டிக்கு அனுமதியோடு நாளுக்கு 10 மணி, வாரத்துக்கு 54 மணி வரை போகலாம் என்றது. 5 மணி நேர வேலைக்கு மேல் போகாமல் அரை மணி ஓய்வு, ஒரு நாள் வேலை முடிந்து மறுநாள் தொடங்க 9 மணி நேர இடைவெளி. இந்தச் சட்டம் இப்போது தொழிலாளர் தொகுப்புச் சட்டத்துக்குள் போய்விட்டது. 8 மணி நேர வேலைநாள் அங்கும் உண்டு. ஒன்றிரண்டு வண்டி வைத்திருக்கும் ஓனரிடம் வேலை செய்கிறவருக்கு இவை பெரும்பாலும் எட்டுவதில்லை. முன்பு நேஷனல் பெர்மிட் (பல மாநிலங்களில் ஓட அனுமதி) வண்டிக்கு இரண்டு டிரைவர் வேண்டும் என்ற விதி இருந்தது. 2018-ல் அது நீக்கப்பட்டது. அதன் பிறகு தூக்கத்தைக் காப்பாற்றும் பொறுப்பு முழுவதும் ஒற்றை ஆள் மேல் விழுந்துவிட்டது.

"ஈ-வே பில் (சரக்கோடு போகும் ஜிஎஸ்டி ஆவணம்) முடிந்துவிடும், விரட்டு" என்று சொன்னால் நம்பாதீர்கள். 2021 ஜனவரி முதல் 200 கி.மீ.க்கு ஒரு நாள் என்பது கணக்கு. 2,400 கி.மீ.க்கு 12 நாள் கிடைக்கிறது. உங்களுக்குத் தேவை 6. வண்டி பழுதாகித் தாமதமானாலும் காலாவதிக்கு 8 மணி நேரம் முன்பிருந்து 8 மணி நேரம் பின்பு வரை நீட்டிக்கலாம். விரட்டுவது சட்டம் அல்ல, பார்ட்டியின் தேதி.

லோடு ஏற்றிய 12 சக்கர வண்டி டோல், டீசல், டிராஃபிக் எல்லாம் சேர்த்து மணிக்குச் சராசரி 40 கி.மீ. போகும். 10 மணி நேரத்துக்கு 400. இதை அதிகாலை 5 முதல் 9, 10 முதல் மதியம் 1, மாலை 4 முதல் 7 என்று பிரிக்கலாம். இரவு 2 முதல் 5 மணிக்குள் உடம்பு தானாகவே தூக்கத்துக்கு இறங்கும்; மதியம் 2 முதல் 4 வரை அதன் சின்ன வடிவம் ஒன்று வரும். இந்த இரண்டிலும் ஸ்டீயரிங் பிடிக்காமல் இருப்பதுதான் அட்டவணையின் உயிர். கண் 3 விநாடி அயர்ந்தால் 60 கி.மீ. வேகத்தில் வண்டி 50 மீட்டர் போய்விடும். பாக்கு, புகையிலை, பாட்டுச் சத்தம் எதுவும் இதற்கு மருந்தாகாது. தவிர்க்க முடியாமல் தூக்கம் வந்தால் லைட் உள்ள பங்கிலோ லாரி பேயிலோ ஒதுக்கி, ஒரு டீ குடித்துவிட்டு உடனே 20 நிமிடம் படுங்கள். டீயின் வேகம் ஏறுவதற்கும் விழிப்பதற்கும் சரியாக இருக்கும். ரோட்டோரத்தில் மட்டும் நிறுத்தாதீர்கள். பின்னால் தூக்கக் கலக்கத்தில் வருகிறவர் உங்கள் டெயில் லைட்டைப் பார்த்துத்தான் ஓட்டி வருவார்.

பெரிய நகரங்களில் பகல் நேர நோ என்ட்ரி இந்த அட்டவணையைக் கலைக்கும். அதற்காக முந்தின இரவு முழுக்க ஓட்டாமல், நகரத்துக்கு 30, 40 கி.மீ. முன்பே நிறுத்திப் பகலில் தூங்கி, இரவு அனுமதி நேரம் தொடங்கும்போது நுழையுங்கள்.

சம்பளம் தாளில் எவ்வளவு?

படி அதிகம், சம்பளம் குறைவு என்று எழுதிக் கொடுக்கும் ஓனர்கள் உண்டு. கையில் வருவது ஒன்றுதானே என்று விட்டுவிடுகிறோம். விபத்தில் உயிர் போனால் பணியாளர் இழப்பீட்டுக் கணக்கு இப்படி: மாதச் சம்பளத்தில் பாதி, பெருக்கல் வயதுக்கான காரணி. 35 வயதுக்குக் காரணி 197.06. சம்பளம் 8,000 என்று தாளில் இருந்தால் 4,000 × 197.06 = 7,88,240 ரூபாய். 15,000 என்று இருந்தால் 14,77,950. (2020 முதல் கணக்கில் எடுக்கும் உச்சவரம்பு 15,000.) வித்தியாசம் ஏறத்தாழ 6 லட்சத்து 90 ஆயிரம். படியையும் சம்பளமாகச் சேர்க்க வேண்டும் என்று குடும்பம் வழக்காடித்தான் வாங்க வேண்டியிருக்கும்.

விபத்தில் தவறு டிரைவர் மேலேயே இருந்தாலும் இந்த இழப்பீடு உண்டு என்பது பல வீடுகளில் தெரிவதில்லை. வண்டி இன்சூரன்ஸிலேயே சம்பள டிரைவருக்கான பொறுப்பு அடங்கும். விண்ணப்பிக்க 2 ஆண்டு அவகாசம். அதனால் சம்பளத்தை மாதம் ஒருமுறையாவது வங்கிக் கணக்கில் வாங்குங்கள், பாலிசி, ஆர்.சி. இரண்டின் படத்தையும் மனைவி போனில் போட்டு வையுங்கள். அமைப்புசாரா ஓட்டுநர் நல வாரியப் பதிவு 18 முதல் 60 வயது வரை இலவசம். வங்கியில் ஆண்டுக்கு 20 ரூபாய் பிடிக்கும் பிரதமர் விபத்துக் காப்பீடு 2 லட்சம் தரும். இரண்டையும் இதோடு சேர்த்தே செய்துவிடலாம்.

அடுத்து எங்கே போகலாம்

சரக்கு லாரியில் சில வருடம் ஓட்டியவருக்கு நாமக்கல் பகுதியில் அடுத்த படி பெரும்பாலும் கேஸ் டேங்கர். லைசென்ஸில் அபாயகரப் பொருள் ஒப்புதல் வேண்டும். 3 நாள் பயிற்சி. ஒரு இந்திய மொழியோடு ஆங்கிலமும் எழுதப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்பது மத்திய மோட்டார் வாகன விதிகளின் விதி 9. சாதாரண கனரக லைசென்ஸ் 5 ஆண்டு செல்லும்; இந்த ஒப்புதல் 3 ஆண்டுதான், புதுப்பிக்க ஒரு நாள் பயிற்சி. எண்ணெய் நிறுவன ஒப்பந்தம் போக வர தூரத்துக்குச் சேர்த்தே வாடகை தருவதால் ரிட்டர்ன் லோடு தேடி நிற்கும் வேலை இல்லை. பிளான்ட் வாசலில் வரிசை உண்டு. அதற்கான படியைக் கேட்டுக்கொள்ளுங்கள். பார்சல், ஆன்லைன் வியாபாரச் சரக்கு நிறுவனங்களில் டிரைவர் மாறி மாறி ஓட்டும் ரிலே முறை இருக்கிறது. தொகை குறைவாகத் தோன்றலாம், ஆனால் நாளால் வகுத்தால் குடும்பஸ்தருக்கு ஒத்துவரும்.

சொந்த வண்டி எடுக்க ஆசைப்படுகிறவர்களும் அதே நாள்கணக்கைத்தான் போட வேண்டும். 40 லட்சம் கடன், 10 சதவீத வட்டி, 5 ஆண்டு என்றால் மாதத் தவணை சுமார் 85,000. ஆண்டுக்கு 10 லட்சத்து 20 ஆயிரம். 18 நாள் டிரிப் என்றால் ஆண்டுக்கு 20 டிரிப் ஓடும், ஒவ்வொரு டிரிப்பும் 51,000 தவணைக்கே தர வேண்டும். 23 நாளாக இழுத்தால் 16 டிரிப்தான். தவணைக்கு மட்டும் டிரிப்புக்கு சுமார் 64,000. இதற்கு மேல் மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் 43,950, நேஷனல் பெர்மிட் கட்டணம் 16,500, காலாண்டு வரி, ஒரு டயர் 20,000 என்று வைத்தாலும் 12 டயர் கொண்ட ஒரு செட்டுக்கு 2 லட்சத்து 40 ஆயிரம். வாடகை பாக்கியோ பி.ஓ.டி. (சரக்கு இறக்கியதற்கான சான்று) போய்ச் சேர்ந்த பிறகுதான் வரும். 3 மாதத் தவணையும் ஒரு செட் டயர் பணமும் கையில் இல்லாமல் புது வண்டிக்குக் கையெழுத்துப் போட வேண்டாம். நிலையான லோடு தரும் பார்ட்டி ஒருவராவது முதலில் அமையட்டும்.

வளைகுடா என்றால் 10-ஆம் வகுப்பு தேறாதவர் பாஸ்போர்ட்டில் ஈசிஆர் (வேலைக்கு வெளிநாடு போக அரசு அனுமதி தேவை என்ற குறிப்பு) இருக்கும். ஏஜென்ட் வழியாகப் போனால் அவர் அரசின் இமைகிரேட் தளத்தில் பதிவானவராக இருக்க வேண்டும். அவர் வாங்கக்கூடிய கட்டணம் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும் மட்டும், ரசீது கேளுங்கள். இந்திய லைசென்ஸை மட்டும் நம்பிப் போகாதீர்கள். அந்த நாட்டு ஹெவி லைசென்ஸ் எடுக்க ஆகும் செலவு யாருடையது, தேர்வில் தவறினால் சம்பளம் ஓடுமா, வேறு வேலைக்கு மாற்றுவார்களா என்ற மூன்றுக்கும் விசா அடிக்கும் முன் ஒப்பந்தத்திலேயே பதில் இருக்க வேண்டும்.