ஓவல் செயின்ரிங்: வட்டம் நீண்டால் ஏற்றம் எளிதாகுமா?

ஓவல் செயின்ரிங்: சைக்கிளின் பெடல் தண்டோடு சேர்ந்து சுற்றும் முன் பற்சக்கரம் சரியான வட்டமாக இல்லாமல் ஒரு திசையில் சற்று நீண்டிருந்தால் அதற்கு இந்தப் பெயர். தமிழில் நீள்வட்டப் பற்சக்கரம்.

மலைப்பாதை சைக்கிள் ஓட்டுகிறவர்களிடம் இந்தச் சொல் இப்போது சகஜமாகப் புழங்குகிறது. ‘ஓவல் ரிங் போட்டால் ஏற்றத்தில் நல்ல கிரிப் கிடைக்குமாமே, மாற்றிப் பார்க்கலாமா?’ என்ற கேள்வியும் கூடவே வருகிறது. பெயரை ஒழுங்காகப் பிரித்துப் பார்த்தால் அந்தக் கேள்விக்குப் பாதி பதில் கிடைத்துவிடும்.

முதலில் செயின்ரிங். இதை அப்படியே பெயர்த்துச் ‘சங்கிலி வளையம்’ என்று எழுதுகிறவர்கள் உண்டு. எனக்கு அது ஒப்பவில்லை. சங்கிலி வளையம் என்றதும் சங்கிலியில் கோத்திருக்கும் ஒற்றைக் கண்ணிதான் நம் மனதில் முதலில் வருகிறது. ‘பல்வளையம்’ என்றால் பல் உள்ள வளையமா, பல வளையங்களா என்று தடுமாற இடமிருக்கிறது. பற்சக்கரத்தில் அந்தக் குழப்பம் இல்லை. பற்பசை, பற்பொடி என்று நாளும் சொல்லிப் பழகிய புணர்ச்சி என்பதால் பல்லுள்ள சக்கரம் என்று கேட்டவுடனே புரிந்துவிடும். பின்சக்கரத்தின் அச்சிலும் பற்சக்கரங்கள் அடுக்கடுக்காக இருக்கின்றன என்பதால், வேறுபடுத்த வேண்டிய இடத்தில் முன் பற்சக்கரம், பின் பற்சக்கரம் என்று சொன்னால் போதும்.

அடுத்து ஓவல். இலத்தீனில் ‘ஓவும்’ என்றால் முட்டை. அதிலிருந்து கிளைத்த ‘ஓவாலிஸ்’ பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போய் ஓவல் ஆனது. அப்படியானால் தமிழில் முட்டை வடிவப் பற்சக்கரம் என்று சொல்லிவிடலாமே என்று தோன்றும். கூடாது, இதற்கு இயந்திரவியல் காரணமே இருக்கிறது. முட்டைக்கு ஒரு முனை கூம்பி இருக்கும், மறுமுனை அகன்றிருக்கும். சைக்கிளில் இரண்டு பெடல்களும் நேர் எதிரெதிராக, 180 பாகை இடைவெளியில் இருக்கின்றன. பற்சக்கரம் உண்மையிலேயே முட்டை வடிவமாக இருந்தால் வலது காலுக்கு ஒரு கியரும் இடது காலுக்கு வேறு கியரும் கிடைத்தது போலாகிவிடும். அதனால் இந்தச் சக்கரத்தின் இரண்டு முனைகளும் ஒன்றுபோல இருந்தாக வேண்டும். பள்ளிக் கணக்கில் படித்த நீள்வட்டம் அப்படிப்பட்டது. நீள்கின்ற வட்டம், நீண்ட வட்டம், நீளும் வட்டம் என்று மூன்று காலத்துக்கும் பொருந்தி நிற்கும் வினைத்தொகை அது. சில நிறுவனங்களின் வளைகோடு துல்லியமான நீள்வட்டமாக இருக்காது, கொஞ்சம் நெளித்திருப்பார்கள். அதையும் சேர்த்துச் சொல்ல இந்தப் பெயரில் இடமிருக்கிறது.

ஆனால் நீள்வட்டம் என்ற பெயர் வடிவத்தை மட்டும்தான் சொல்கிறது. பெடல் சுற்றிவரும்போது நீண்ட பகுதி எந்த நேரத்தில் வேலைக்கு வருகிறது என்பதை அது சொல்வதில்லை. இந்தச் சக்கரத்தின் குணம் முழுவதும் அந்த நேரத்தில்தான் இருக்கிறது.

பெடல் ஒரு முழுச்சுற்று வரும்போது கால் எல்லா இடத்திலும் ஒரே வலுவோடு மிதிப்பதில்லை. பெடல் தண்டு கிடைமட்டமாக முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும்போதும் அதற்குச் சற்றுக் கீழேயும்தான் மிதி முழு வலுவோடு இறங்கும். ஒரு கால் உச்சியிலும் மறுகால் அடியிலும் இருக்கும் நேரத்தில் எவ்வளவு அழுத்தினாலும் சுழற்சிக்குப் பெரிதாக எதுவும் சேராது. இந்த இடத்தைத்தான் ‘டெட் ஸ்பாட்’ என்கிறார்கள். நீராவி எஞ்சின் காலத்திலிருந்தே பொறியாளர்கள் இதற்கு நெருங்கிய ஒரு சொல்லை, ‘டெட் சென்டர்’ என்பதை, வைத்திருக்கிறார்கள். தள்ளுதண்டும் சுழல்தண்டும் ஒரே நேர்க்கோட்டில் வந்து நிற்கும்போது தள்ளினால் எதுவும் சுழலாது. சைக்கிளில் நம் காலே தள்ளுதண்டு. ‘செத்த புள்ளி’ என்று பெயர்ப்பதைவிட ‘வலுவிழக்கும் இடம்’ என்று சொல்லிவிட்டால் விஷயம் விளங்கிவிடும்.

இன்று கிடைக்கும் நீள்வட்டப் பற்சக்கரங்கள் கால் வலுவோடு மிதிக்கும் நேரத்தில் நீண்ட பகுதியையும், வலுவிழக்கும் இடத்தில் குறுகிய பகுதியையும் சங்கிலிக்குக் கொடுக்கின்றன. உச்சியிலிருந்து கணக்கிட்டால் ஏறத்தாழ 110 பாகையில் பெடல் இருக்கும்போது அதிகபட்ச நீளம் வருமாறு பலர் அமைக்கிறார்கள். அதன் பலனாக வலு இருக்கும்போது கியர் கொஞ்சம் கனக்கிறது, வலு இல்லாத இடத்தை லேசான கியரில் கால் சட்டென்று கடந்துவிடுகிறது.

இதற்கு நேர் எதிராகவும் ஒரு காலத்தில் செய்தார்கள். 1983இல் சைக்கிள் பாகங்கள் தயாரிக்கும் ஷிமானோ நிறுவனம் ‘பயோபேஸ்’ என்ற வட்டமில்லாத பற்சக்கரத்தைக் கொண்டுவந்தது. 1980களின் பிற்பகுதியில் வந்த மலைப்பாதை சைக்கிள்கள் பலவற்றில் அது கடையிலிருந்தே பொருத்தப்பட்டு வந்தது. அதில் கால் வலுவோடு மிதிக்கும் நேரத்தில் குறுகிய பகுதியும் வலுவிழக்கும் இடத்தில் நீண்ட பகுதியும் வரும். லேசான கியரில் கால் வேகம் எடுக்கும், அந்த வேகத்தின் உந்தமே வலுவிழக்கும் இடத்தைத் தாண்டவைக்கும் என்பது அவர்கள் கணக்கு. காகிதத்தில் அதற்கும் நியாயம் இருந்தது. நிதானமாக மிதித்தவர்களில் சிலர் அதை விரும்பவும் செய்தார்கள். ஆனால் வேகமாக மிதிக்கும்போது கால் குதிப்பது போலிருக்கிறது என்ற குறை பரவியது. ஷிமானோ பின்னால் வந்த வடிவங்களை வட்டத்துக்கு நெருக்கமாக்கிப் பார்த்துவிட்டு, 1990களின் தொடக்கத்தில் கைவிட்டது. ‘ஓவல்’ என்றாலே முகம் சுளிக்கும் மூத்த ஓட்டுநர்கள் இன்றும் இருப்பதற்கு இதுதான் காரணம். அவர்கள் பட்ட அனுபவம் உண்மைதான். ஆனால் அது இன்றைய சக்கரத்தைப் பற்றியது அல்ல. ஒரே பெயருக்குள் எதிரெதிரான இரண்டு பொருள்கள் போய் ஒளிந்துகொண்டன, அவ்வளவுதான்.

பின்னர் சாலைப் பந்தயத்தில் ஓவலின் நல்ல பெயர் மீண்டது. 2012இல் டூர் டி பிரான்ஸை வென்ற பிராட்லி விக்கின்ஸ் ஓசிமெட்ரிக் என்ற, கண்ணால் பார்த்தாலே வட்டமில்லை என்று தெரியும் பற்சக்கரத்தில்தான் ஓட்டினார். மலைப்பாதை சைக்கிளுக்குப் பொருத்தமான நேரமும் அதே ஆண்டில்தான் வந்தது. ஸ்ராம் நிறுவனம் ஒற்றை முன் பற்சக்கரம் கொண்ட எக்ஸ்எக்ஸ்1 அமைப்பை வெளியிட்டது. ஒரு பல் தடிப்பாகவும் அடுத்த பல் ஒல்லியாகவும் மாறி மாறி இருந்ததால் சங்கிலி கழன்று விழாமல் நின்றது. சங்கிலியை ஒரு பற்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தள்ளிவிடும் முன்பக்க டெரெய்லர் தேவையில்லாமல் போனது. நீள்வட்டச் சக்கரத்தில் சங்கிலி ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும் என்பதால் முன் டெரெய்லரோடு அது எப்போதும் மல்லுக்கட்டியது. அந்தத் தொல்லை ஒரேயடியாக நீங்கியது. ரோட்டர், அப்சலூட்பிளாக், வுல்ஃப் டூத் போன்ற தயாரிப்பாளர்களின் பெயர்கள் மலைப்பாதைக்காரர்களுக்குப் பழக்கமானது இந்த ஒற்றைச் சக்கர அமைப்பால்தான்.

எவ்வளவு நீளம் என்று கேட்டால், 32 பல் கொண்ட வட்டச் சக்கரத்தை எடுத்துக்கொள்வோம். சைக்கிள் சங்கிலியில் கண்ணிகளை இணைக்கும் ஒரு முள்ளுக்கும் அடுத்த முள்ளுக்கும் இடையே 12.7 மில்லிமீட்டர். அந்தக் கணக்கில் அதன் விட்டம் சுமார் 130 மில்லிமீட்டர் வரும். மலைப்பாதைக்கான 32 பல் நீள்வட்டச் சக்கரம் பெரும்பாலும் நீண்ட திசையில் 34 பல் சக்கரம் போலவும், குறுகிய திசையில் 30 பல் சக்கரம் போலவும் நடந்துகொள்ளும். அதாவது ஒரு திசையில் சுமார் 137 மில்லிமீட்டர், மறுதிசையில் சுமார் 122. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திப் பெடலைக் கையால் மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். சக்கரத்தின் மேல் விளிம்பில் சங்கிலி 7, 8 மில்லிமீட்டர் மூச்சு விடுவது போல ஏறி இறங்கும். பல் எண்ணிக்கை 32தான் என்பதால் ஒரு முழுச்சுற்றுக்குச் சைக்கிள் நகரும் தூரம் மாறாது. பின்னால் 51 பல், 29 அங்குலச் சக்கரம் என்றால் வட்டமானாலும் நீள்வட்டமானாலும் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 1.4 மீட்டர். அந்தத் தூரத்துக்குள் சுமை எப்படிப் பங்கிடப்படுகிறது என்பது மட்டுமே மாறுகிறது.

இதை ‘ஓவாலிட்டி’ என்று சதவீதத்தில் குறிப்பிடுவார்கள். தமிழில் ‘நீட்சி’ என்று வைத்துக்கொள்ளலாம். மலைப்பாதைச் சக்கரங்களில் நீட்சி 10, 12 சதவீதத்தை ஒட்டி இருக்கும். சாலைப் பந்தயத்துக்கான சில வகைகளில் 20 சதவீதத்தையும் தாண்டும்.

சரி, மாற்றிப் பார்க்கத் தகுமா? ஒற்றை முன் பற்சக்கரம் இருந்து, சரளையும் வேரும் நிறைந்த செங்குத்தான ஏற்றங்களில் அடிக்கடி ஓட்டுகிறீர்கள் என்றால் தகும் என்பதே என் கருத்து. அந்த மாதிரி ஏற்றத்தில் நிமிடத்துக்கு 50, 60 சுற்றுதான் மிதிக்க முடியும். அவ்வளவு மெதுவாகப் போகும்போது சைக்கிளுக்கு உந்தமே இருக்காது. ஒவ்வொரு மிதியும் பின் டயரில் தனித்தனி உதையாக விழும். மிதி உச்சத்தில் இருக்கும் அந்த ஒரு கணத்தில் முறுக்குவிசை டயரின் பிடிமானத்தைத் தாண்டிவிட்டால் டயர் வழுக்கும், கல் தெறிக்கும், காலை ஊன்ற வேண்டியதுதான். நீள்வட்டச் சக்கரம் அந்த உச்சத்தைச் சற்றுத் தட்டையாக்குகிறது. நீண்ட பகுதி வேலை செய்யும்போது அதே மிதிக்குச் சங்கிலியில் விழும் இழுவிசை குறைகிறது. வலுவிழக்கும் இடத்தில் சைக்கிள் நின்றுபோகும் முன் கால் அதைத் தாண்டிவிடுகிறது. டயருக்குப் போகும் விசையில் மேடுபள்ளம் குறைவதால் வழுக்குவதும் குறைகிறது. கால் வலுவைக் கூட்டும் மந்திரம் எதுவும் இதில் இல்லை. இருக்கும் வலுவைச் சீராகப் பரப்புகிறது, அதுவும் மெதுவான மிதியில்தான் அழுத்தமாகத் தெரியும்.

சமதளத்தில் வேகமாக மிதிக்கும்போது இந்த வித்தியாசம் ஏறத்தாழ மறைந்துவிடும். சைக்கிளின் உந்தமே வலுவிழக்கும் இடத்தைக் கடத்திவிடுகிறது. சீரான வேகத்தில் ஓட்டவைத்துச் செய்த ஆய்வுகளும் பெரிய ஆதாயம் எதையும் ஒருமித்துக் காட்டவில்லை. ‘இத்தனை சதவீதம் கூடுதல் சக்தி’ என்று விளம்பரத்தில் பார்த்தால் அதை நம்பி வாங்க வேண்டாம். மிதிக்கும் சக்தியை அளந்து காட்டும் பவர் மீட்டர் வைத்திருப்பவர்கள் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். ஒரு சுற்று முழுவதும் பெடல் ஒரே வேகத்தில் சுழல்கிறது என்று வைத்துக்கொண்டு கணக்கிடும் மீட்டர்கள், நீள்வட்டச் சக்கரத்தில் உண்மையைவிடச் சில சதவீதம் கூட்டிக் காட்டும். திரையில் எண் ஏறியதை வைத்துச் சக்கரத்தைப் பாராட்டிவிடக் கூடாது. முழங்கால் வலி குறைந்தது என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு அது உண்மையாக இருக்கலாம், ஆனால் முழங்கால் வலிக்கு மருந்தாக நினைத்து இதை வாங்குவது சரியல்ல. இருக்கையின் உயரத்தை முதலில் பாருங்கள்.

முதல் முறை ஓட்டும்போது கால் தட்டித் தட்டிப் போவது போல ஓர் உணர்வு வரும். சில ஓட்டங்களில் அது மறைந்துவிடும், அப்புறம் பழைய வட்டச் சக்கரத்துக்குத் திரும்பினால் அதுதான் விசித்திரமாகத் தெரியும். அதனால் ஒரே ஓட்டத்தில் தீர்ப்புச் சொல்ல வேண்டாம்.

பொருத்துவதில் கவனிக்க வேண்டியது கோணம். பெடல் தண்டில் நேரடியாக மாட்டும் வகையாக இருந்தால் பெரும்பாலும் தவறாக மாட்ட வழியில்லை. 104 மில்லிமீட்டர் வட்டத்தில் நான்கு போல்ட்டுகளால் பிடிக்கும் வகையில், சக்கரத்தை ஒரு போல்ட் தள்ளி மாட்டிவிடக் கூடும். அப்படி மாட்டினால் 90 பாகை திரும்பி, குறுகிய பகுதி இருக்க வேண்டிய இடத்தில் நீண்ட பகுதி வந்து நிற்கும். பழைய பயோபேஸின் தன்மை கேட்காமலே கிடைத்துவிடும். சக்கரத்தில் ஒரு சிறு குறியோ துருத்தலோ வைத்திருப்பார்கள், அது பெடல் தண்டுக்கு நேராக வர வேண்டும். சிலருக்கு ஓவல் ஒத்துவராமல் போனதற்கு இந்த ஒரு போல்ட் காரணமாக இருந்திருக்கலாம், கழற்றி எறியும் முன் அதை ஒருமுறை சரிபாருங்கள்.

சங்கிலியின் நீளத்தை மாற்ற வேண்டியதில்லை. சங்கிலியின் இழுப்பில் வரும் சிறு ஏற்ற இறக்கத்தைப் பின் டெரெய்லர் தானே வாங்கிக்கொள்ளும். கியர் இல்லாத ஒற்றை வேகச் சைக்கிளில் சங்கிலியைக் கொஞ்சம் தளர்வாக விட்டாலும் சமாளிக்கலாம், ஆனால் சக்கரத்தைச் சுற்றிப் பார்த்து இறுக்கமான இடத்தில் அளவு வைக்க வேண்டும். சங்கிலி கழலாமல் பிடிக்கும் சங்கிலிக் காப்பு மேலே வைத்திருந்தால் அதை நீண்ட பகுதி உரசாத உயரத்துக்கு ஏற்றுங்கள். சைக்கிளின் சட்டத்தோடு (ஃப்ரேம்) உள்ள இடைவெளிதான் பலர் மறப்பது. 32 பல் நீள்வட்டச் சக்கரம் 34 பல் வட்டச் சக்கரத்துக்கு வேண்டிய இடத்தைக் கேட்கும். உங்கள் சட்டத்தில் 32தான் அதிகபட்சம் என்று தயாரிப்பாளர் குறிப்பிட்டிருந்தால் நீள்வட்டத்தில் 30 பல் வாங்குங்கள்.